நத்தையும் சாட்டையும்: பகடியின் சாதி வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. இன்று யாருடைய நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவருக்கு அந்த வழக்கம் ஒத்துவராது. நாற்பது ஆண்டுக்கும் மேலாகத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டியவர் அவர். அவரைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவர்கள்தான் இந்த அமைப்பைத் தொடங்கினோம். ஆகவே அவருக்குரிய பொருளையே எடுத்துக்கொண்டோம். அரசியலைப் பார்த்துச் சிரிப்பது, அதுவும் நம் ஆட்கள் சிரிப்பது, இந்த நாட்டில் என்ன பாடுபட்டிருக்கிறது என்பதுதான் பொருள்.

ஒரு கூத்தை மட்டும் நினைவுபடுத்திவிட்டுத் தொடங்குகிறோம். துரியோதனன் திரைக்குப் பின்னால் நிற்கிறான். கட்டியங்காரன் வெளியே வந்து கட்டியம் கூற வேண்டும். பெரியவர் சொன்னார்: "மவராசா, ரதம் கோயில் வரைக்கும்தான் வரும். அதுக்கு மேல தாரு தீந்துபோச்சு. எறங்கி நடந்து வாங்க." அந்த ஆண்டுதான் எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை வந்து, கோயிலோடு நின்று, காலனிக்கு வராமல் போயிருந்தது. சனம் சிரித்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சாலைக் குத்தகைதாரரும் சிரித்தார். கூத்து முடிந்து மூன்றாம் நாள் பெரியவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, வாசலில் நிற்கவைத்து, இனிமேல் சாலையைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அரிதாரம் இருக்கும்வரை மன்னனையே கேலி செய்யலாம். அரிதாரத்தைக் கழுவிவிட்டால் குத்தகைதாரரைக்கூடக் கேலி செய்யக்கூடாது. பகடிக்குக் கொடுக்கப்படும் உரிமை இந்த மண்ணில் வேடத்துக்குக் கொடுக்கப்படும் உரிமைதான், ஆளுக்கு அல்ல.

தமிழில் அரசியல் நையாண்டியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பாரதியின் 'இந்தியா' இதழில் வந்த கேலிச்சித்திரங்களில் தொடங்குவார்கள். அங்கிருந்து 'ஆனந்த விகடன்', பிறகு திராவிட இயக்க மேடைகள், 1970இல் சோவின் 'துக்ளக்' என்று வண்டி நேராகப் போகும். 1987இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக விகடன் ஆசிரியருக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்ததும், நாடு முழுவதும் பத்திரிகையாளர்கள் கொதித்தெழுந்ததும், அவர் விரைவில் விடுதலையானதும் அந்த வரலாற்றின் பெருமிதமான பக்கம். பெருமிதம் நியாயமானதுதான். ஆனால் அந்த வண்டி நிற்காமல் போன ஒரு நிறுத்தம் இருக்கிறது. சென்னை, ராயப்பேட்டை, 19 ஜூன் 1907. அன்று புதன்கிழமை. நான்கு பக்கத்தில் ஒரு வார இதழ் வெளிவருகிறது. பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'.

பெயரைக் கவனியுங்கள். விலை பெயரிலேயே இருக்கிறது. மலிவு விலைப் பத்திரிகை என்று ஒரு பொருள். இந்த நாட்டில் ஒரு தமிழனின் மதிப்பு என்ன என்பதற்குப் பதில் என்று இன்னொரு பொருள். இரண்டாவது பொருளை அயோத்திதாசப் பண்டிதர் நினைத்தே வைத்தார் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. ஆனால் சொற்களைப் பிளந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த மனிதருக்கு அது தோன்றாமல் இருந்திருக்கும் என்று நம்புவதும் கடினம். ஓராண்டுக்குப் பிறகு, வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி 'ஒரு பைசா' போய் 'தமிழன்' என்று பெயர் நின்றது. 1914இல் பண்டிதர் மறையும்வரை அவர் அதை நடத்தினார். பிறகு கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் காலத்தில் அது மீண்டும் உயிர்பெற்றது.

1907இல் சென்னையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசிக் கிளர்ச்சி தெற்கே வந்துவிட்டது. கடற்கரையில் கூட்டங்கள், அந்நியத் துணி எரிப்பு, வந்தே மாதரம். பாரதியின் 'இந்தியா' வெள்ளை அரசாங்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறது, மிதவாதிகளைப் பார்த்துச் சிரிக்கிறது. அதே நகரத்தில் அச்சாகும் 'தமிழன்' அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறது. சுதேசம் என்கிறீர்களே, அந்தச் சுதேசத்தில் உங்கள் கிணற்றில் நாங்கள் தண்ணீர் எடுக்கலாமா என்பதுதான் பண்டிதரின் வாதத்தின் சாரம். சாதியை வைத்துக்கொண்டு சுயராச்சியம் கேட்பவர்களுக்கு அவர் பெரும் தத்துவத்தால் பதில் சொல்லவில்லை. அவர்கள் பேச்சையே திருப்பி அவர்கள் முன்னால் வைத்தார். அந்நியத் துணியைத் தொடமாட்டேன் என்பவரிடம், நீர் அந்நியனை எப்போது தொடாமல் இருந்தீர், எங்களைத்தானே தொடாமல் இருந்தீர் என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

பண்டிதரின் பகடிக்கு முதன்மையான ஆயுதம் ஒற்றைச் சொல். 'வேஷ பிராமணர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிரே 'யதார்த்த பிராமணர்'. ஒழுக்கத்தால் அந்தணர் ஆனவர் யதார்த்தம், பிறப்பைக் காட்டி அந்தணர் என்று திரிபவர் வேஷம் என்பது அவர் பகுப்பு. 'வேஷம்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததோடு, ஆயிரம் ஆண்டு அதிகாரம் கூத்து மேடைக்கு இறங்கிவிட்டது. வேஷம் என்றால் கலைக்கலாம். நமது கட்டியங்காரப் பெரியவருக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்திருக்கும்.

அதற்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நிகழ்ச்சி. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் போகிறார். படித்தவர்களும் பட்டம் பெற்றவர்களும் நிறைந்த சபை. விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் எங்களை விடக்கூடாதா என்று கேட்கிறார். சபை கூச்சலிடுகிறது. தஞ்சைப் பக்கத்துப் பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் சுடலைமாடனும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு எதற்கு என்கிறார். கேலிதான் அது. சபை சிரித்திருக்கும். பண்டிதர் கோபப்பட்டிருக்கலாம். வெளிநடப்புச் செய்திருக்கலாம். அவர் செய்தது வேறு. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பள்ளிக்கூடம் கொடுங்கள், தரிசு நிலம் கொடுங்கள் என்று கேட்டார். சாமியைக் காட்டி மட்டம் தட்டினார்கள். அவர் சாமியை அவர்களிடமே விட்டுவிட்டு நிலத்தைக் கேட்டார். நம் வரலாற்றில் இதைவிடக் கூர்மையான எதிர்ப்பகடி ஒன்றை நாம் அறியோம். ஆறே ஆண்டுகளில், 1898இல், கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பினார்.

பண்டிதரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் வேறு என்று அவர் ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டுக்குக் கீழே அருந்ததியர்களையும் குறவர்களையும் துப்புரவுத் தொழில் செய்தவர்களையும் வைத்தார். மேலே இருப்பவரின் வேஷத்தைக் கலைத்த அதே பேனா, கீழே இருப்பவரைப் பார்த்தபோது அவர்கள் எழுதிவைத்த கணக்கையே ஒப்புக்கொண்டது. அருந்ததியத் தோழர்கள் பண்டிதர் விழாக்களுக்கு வரத் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. நமது மேடைகளிலும் சக்கிலியர் குறித்த 'ஜோக்' ஒன்று இன்னும் உலவுவது நம் எல்லோருக்கும் தெரியும். பெண்களைப் பற்றிய 'ஜோக்'குகளைக் கணக்கெடுத்தால் இந்தச் சொற்பொழிவு நாளை காலை வரை நீளும்.

இரட்டைமலை சீனிவாசனாரின் பகடி வேறு ரகம். 1893இல் அவர் தொடங்கிய இதழுக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசவாகப் பயன்படும் சொல்லைக் கடையில் காசு கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு. மேல்சாதி வாசகர் ஒருவர் கடைக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பத்திரிகை கேட்கும் காட்சியைக் கற்பனை செய்துபாருங்கள். அதே ஆண்டு, ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். இங்கே நடத்தினால் அதிகாரிகளாக வரப்போவது யார், அவர்கள் எங்களை எப்படி நடத்துவார்கள் என்று கேட்டுச் சீனிவாசனாரும் தோழர்களும் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஓர் எதிர் மனு அனுப்பினார்கள். 3412 கையெழுத்துகள், 112 அடி நீளம். இந்திய மக்கள் அனைவரின் குரல் நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் அந்தக் காகிதம் சுருள் சுருளாக விரிந்தது. அதன் நீளமே ஒரு கேலி. பறையன் இதழின் முழுத் தொகுப்பு நம் கையில் இல்லை. பாரதியின் கேலிச்சித்திரங்களைத் தேடி எடுத்துப் பதிப்பித்த ஆய்வுலகம், இதைத் தேட அவ்வளவு அவசரப்படவில்லை.

அவர் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் சென்றபோது நடந்ததாக நம் வீடுகளில் வழங்கிவரும் கதையை மாணவர்களும் கேட்டிருப்பார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கைகுலுக்கக் கை நீட்டுகிறார். சீனிவாசனார் கையைக் கொடுக்காமல் நிற்கிறார். ஏன் என்று கேட்டால், நான் தீண்டத்தகாதவன், நீங்கள் என்னைத் தொடலாமா என்கிறார். கதையில் சிறு மாறுதல்கள் உண்டு. சிலர் சட்டையில் சாதிப் பெயர் பொறித்த பட்டை இருந்தது என்பார்கள். எப்படியானாலும், உலகின் பெரிய சாம்ராச்சியத்தின் மன்னர் முன்னால் இந்தியாவின் பெரிய உண்மையை ஒரு சிறு நடிப்பில் காட்டிவிட்டார். ஆயிரம் பக்க அறிக்கை செய்யாததை, கொடுக்காத ஒரு கை செய்தது.

இனி தில்லிக்குப் போவோம். நம்மில் பலர் சண்டை போட்டுக்கொண்ட இடம் அதுதான்.

2012 மே மாதம். பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்த ஒரு கேலிச்சித்திரத்தை முன்வைத்து நாடாளுமன்றம் கொந்தளித்தது. சங்கர் வரைந்து 28 ஆகஸ்ட் 1949இல் வெளியான படம் அது. அரசியலமைப்புச் சட்டம் ஒரு நத்தை. அதன்மேல் அண்ணல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. 2006 முதல் பாடநூலில் இருந்த படம். தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அரசு வருத்தம் தெரிவித்துப் படத்தை நீக்குவதாக அறிவித்தது, பாடநூல் ஆலோசகர்களான சுகாஸ் பல்சீகரும் யோகேந்திர யாதவும் பதவி விலகினார்கள். புனேயில் பல்சீகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அந்தத் தாக்குதலை அன்றும் நாம் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

படத்தை ஆதரித்தவர்கள் சொன்னார்கள்: நேருவின் சாட்டை நத்தைக்குத்தான், அம்பேத்கருக்கு அல்ல. இருக்கலாம். வரைந்தவரின் மனத்துக்குள் நாம் போக முடியாது. ஆனால் அந்த நத்தை உண்மையில் ஏன் மெதுவாகப் போனது, அதை யார் சுமந்தார்கள் என்ற கேள்விக்கு ஆவணங்கள் இருக்கின்றன. வரைவுக்குழுவில் ஏழு பேர். அவர்கள் கதை என்ன ஆயிற்று என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே டி.டி. கிருஷ்ணமாச்சாரி சொன்னார். ஒருவர் விலகினார், அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். ஒருவர் இறந்தார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஒருவருக்குச் சமஸ்தான வேலை. ஓரிருவர் தில்லிக்குத் தொலைவில், உடல்நலமும் சரியில்லை. கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர்மீது விழுந்தது என்று ஒப்புக்கொண்டவர் டி.டி.கே. அவர் அண்ணலின் கட்சிக்காரர் அல்ல. ஏழு பேர் இழுக்க வேண்டிய வண்டியை ஒருவர் இழுத்தார். வண்டி மெதுவாகப் போகிறது என்று இழுத்தவரின் முதுகுக்குப் பின்னால் சாட்டையை வரைந்தார்கள். கிண்டல் வண்டியில் ஏறாத ஆறு பேர்மீது விழவில்லை.

மெதுவாகத்தான் போனதா என்றும் கேட்க வேண்டும். நிர்ணய சபை முதலில் கூடியது 9 டிசம்பர் 1946. சட்டம் ஏற்கப்பட்டது 26 நவம்பர் 1949. மூன்று ஆண்டுகூட முழுமையாக ஆகவில்லை. வந்த திருத்தங்கள் 7635. சபையில் முன்மொழிந்து பேசப்பட்டவை மட்டும் 2473. முடிவில் 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அங்கே யாராவது நத்தை வரைந்தார்களா என்று விசாரித்துச் சொல்ல ஆய்வு மாணவர் யாராவது முன்வந்தால் நல்லது.

நாம் 2012இல் கவனிக்கத் தவறியது இன்னொன்று. அண்ணல் இந்தக் கேலிக்குப் பதில் சொல்லாமல் விடவில்லை. சபைக்குள்ளேயே நசிருத்தீன் அகமது என்ற உறுப்பினர் வரைவுக்குழுவின் ஆங்கிலப் பெயரை ஓர் எழுத்து திருகி, 'டிராஃப்டிங்' கமிட்டியை 'டிரிஃப்டிங்' கமிட்டி ஆக்கியிருந்தார். திசை தெரியாமல் மிதக்கும் குழு என்று பொருள். 25 நவம்பர் 1949 அன்று தம் நிறைவுரையில் அண்ணல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். கோபிக்கவில்லை. அதைப் பாராட்டாகவே கொள்ளலாம் என்றார். நல்ல மீனைத் தேடித் தூண்டில் போடுகிறவன் மிதந்து திரிகிறவன் அல்ல, இதைவிடச் சிறந்தது கிடைக்குமா என்று தேடுவது மிதப்பது ஆகாது என்ற பொருளில் பதில் சொன்னார். குழு 141 நாட்கள் அமர்ந்தது என்ற கணக்கையும் வைத்தார். சபையில் அன்று சிரித்தவர்களின் பக்கம் மாறியிருக்கும். படத்தைப் பாடநூலில் வைத்தவர்கள் இந்தப் பதிலையும் பக்கத்திலேயே வைத்திருந்தால் ஒரு மாணவர் இரண்டையும் படித்துத் தானே தீர்ப்புச் சொல்லியிருப்பார். நாமும் தடை கேட்பதோடு நிற்காமல் அந்தப் பதிலை அச்சடித்துப் பள்ளி வாசல்களில் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. அதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

ஆனாலும் "வெறும் கார்ட்டூன்தானே, இதற்கு இவ்வளவு கோபமா?" என்று அன்று கேட்டவர்களுக்கு ஒரு செய்தி. அடுத்த மாதமே இன்னொரு படம் வெடித்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர்களைப் பற்றி ஆர்.கே. லட்சுமண் வரைந்த படம் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்தது. தமிழ்நாட்டுத் தலைவர்கள் கொதித்தார்கள். மே மாதத்தில் சகிப்புத்தன்மை பற்றி நமக்கு வகுப்பெடுத்த நண்பர்கள் சிலர் ஜூன் மாதத்தில் மொழிப்போர்த் தியாகிகள் பற்றிக் கண்கலங்கினார்கள். தியாகிகளை மதிப்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. மே மாதத்தில் நம் கண்ணீரின் உப்பையும் கொஞ்சம் ருசி பார்த்திருக்கலாமே என்பதுதான்.

கேரளத்துச் சங்கர் தொடங்கி ஆங்கிலப் பத்திரிகை ஓவியர்கள் பலர் 1932 முதல் 1948 வரை அண்ணலை எப்படி வரைந்தார்கள் என்பதை உன்னமட்டி சியாம் சுந்தர் ஒரே நூலாகத் தொகுத்திருக்கிறார். 2019இல் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். நேருவும் காந்தியும் படேலும் பெரிய உருவங்கள். ஆறடி மனிதரான அண்ணல் குட்டியாக, குழந்தையாக, சில படங்களில் பெண்வேடத்தில். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணக் கிண்டல். ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் அந்த அளவுகோல் தெரிகிறது. சியாம் சுந்தரும் கேலிச்சித்திரக்காரர் என்பதைச் சொல்ல வேண்டும். படத்தை எரிக்காமல் சேகரித்தார்.

அண்ணலே பகடியில் சளைத்தவர் அல்லர். 1943 ஜனவரியில் புனேயில் ரானடேயின் நினைவாக அவர் ஆற்றிய உரையை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். இதுவும் நினைவுச் சொற்பொழிவு என்பதால் நமக்கு அது முன்மாதிரி. ரானடேயைப் பேச வந்தவர் காந்தியையும் ஜின்னாவையும் அருகருகே நிறுத்துகிறார். ஒருவருக்கு ஒரு பட்டம் இருந்தால் மற்றவருக்கும் ஒரு பட்டம் வேண்டியிருக்கிறது, ஒருவர் பேசினால் மற்றவரும் பேச வேண்டியிருக்கிறது என்று அவர்களின் போட்டியை அடுக்கிக்கொண்டே போகிறார். தேசத்தின் தலைவிதி இரண்டு பேரின் அகந்தைக்கு இடையில் தொங்குவதைக் காட்ட அவருக்கு அந்த அடுக்கு போதுமாக இருந்தது. பத்திரிகைத் தொழில் சோப்பு விற்பதைப் போல் ஆகிவிட்டது என்றும் போகிற போக்கில் சொன்னார். பத்திரிகைகள் பாய்ந்தன. தலைவர்களை வெறுக்கிறார் என்றன. அவர் உரையை அச்சிட்டபோது முன்னுரையில் அந்தக் குற்றச்சாட்டுக்கும் பதில் எழுதினார். லாகூரில் பேச அழைத்தவர்களே பேச்சைக் கண்டு அஞ்சி மாநாட்டை ரத்து செய்தபோது, பேசாத பேச்சைத் தம் செலவில் 1500 படிகள் அச்சடித்து வெளியிட்டவரும் அவர்தான். 'சாதியை அழித்தொழித்தல்' அப்படி வந்த நூல். கேட்க மறுத்தவர்களைவிடப் படித்தவர்கள் பல லட்சம் மடங்கு அதிகம்.

இந்த வரிசையில் நம் பெரியவரை வைப்பது சரியா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவர் எதையும் எழுதவில்லை. ஒலிநாடாவில் பதிந்தவை இரண்டே இரவுகள், அதிலும் பாதி மழைச் சத்தம். மற்றதெல்லாம் நம் நினைவில்தான் இருக்கிறது.

சாலையைப் பற்றிப் பேசக்கூடாது என்று எச்சரித்த அடுத்த ஆண்டும் கூத்து நடந்தது. அதே கோயில் வாசல், அதே துரியோதனன். குத்தகைதாரர் முன்வரிசையில். கட்டியங்காரன் என்ன சொல்வான் என்று எல்லோரும் காத்திருந்தோம். பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னன் திரையை விலக்கிக்கொண்டு வந்ததும் குனிந்து, மன்னனின் பாவாடை விளிம்பை இரண்டு விரலால் முழங்கால் வரை தூக்கிப் பிடித்தார். சேற்றில் கால் வைப்பதுபோல் தானும் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, காலனிப் பக்கமாக மன்னனை நடத்திக்கொண்டு போனார். பாதி வழியில் நின்று, தன் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். அன்று சனம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.